ஆறுக்கு இரண்டு

பிப்ரவரி 9

நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். ஆறு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பதறாதே. இதுவரை யாரும் சாகவில்லை. சாகப்போவது நான்தான் என்று பராமரிப்பு அலுவலகத்திலிருந்து அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் மணிக்கட்டு உடைந்தபோது, வீட்டுக்கே ஆள் வந்து உதவி செய்கிற சேவையில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆள் வருவது நிற்கவில்லை. தினமும் காலையில் ஒரு பெண்மணி வருகிறாள். அவளுக்கு மின்னல் என்று பேர் வைத்திருக்கிறேன். முக்கால் மணி நேரத்தில் என்னை எழுப்பி, குளிப்பாட்டி, சட்டை மாட்டி, தலை வாரி, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் பறந்துவிடுவாள். நல்லவள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம், அது எனக்கும்தான்.

போன மாதம் அலுவலகத்திலிருந்து தடிக் கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார். தானே குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, அடக்கிக்கொள்வது, சாப்பிடுவது. ஆறு காரியம், ஆறு மார்க்கு. எனக்கு ஆறுக்கு இரண்டு. வாயில் போட்டு மெல்லுகிறேன் என்று ஒன்று, படுக்கையை நனைக்கவில்லை என்று ஒன்று. பக்கத்தின் அடியில் ஒரு கட்டம். "ஓராண்டுக்குள் இறப்பு ஆபத்து: அதிகம்."

நாலுக்குக் குறைந்தால் வீட்டில் இருக்கக் கூடாதாம், முதியோர் இல்லத்துக்கு மாற்றிவிடுவார்களாம். அதற்கு என் சம்மதம் வேண்டாமாம். ஆபத்து அதிகம் என்று எழுதப்பட்டவர்களின் பேச்சு செல்லாதாம். நெருங்கிய உறவு ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம். எனக்குப் பிள்ளை இல்லை, புருஷன் இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்து உன் பேரைப் பிடித்திருக்கிறார்கள்.

அந்தத் தாள் உனக்கு வந்திருக்கும். கையெழுத்துப் போடாதே. நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை, இதையும் கேட்கவில்லை. சொல்கிறேன்.

உன் அண்ணி

பிப்ரவரி 17

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அலுவலகத்துத் தாளும் வந்தது. அதற்கு முன்பாகவே வந்தது.

நான் முப்பத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவள், அதில் பதினான்கு வருஷம் மேட்ரன். அந்த ஆறு காரியத்தையும் ஆயிரக்கணக்கான பேருக்கு நானே மார்க்குப் போட்டிருக்கிறேன். அது வெறும் கட்டமில்லை. ஒரு மனுஷர் தானாகக் குளிக்கிறாரா, எழுந்திருக்கிறாரா என்பதைப் பார்த்தாலே எத்தனை நாள் தாங்குவார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். மருந்துச் சீட்டைப் பார்க்கவே வேண்டாம். ஒரே வருஷத்தில் ஆறிலிருந்து இரண்டுக்கு இறங்கியவர்கள் அடுத்த வருஷம் என் வார்டுக்குத் திரும்பி வந்ததில்லை. ஏன் வரவில்லை என்று நான் சொல்லத் தேவையில்லை.

நீங்கள் மாடியில் இருக்கிறீர்கள். பதினெட்டுப் படி. குளியல் தொட்டியின் விளிம்பு உங்கள் முழங்கால் உயரம். ஒருநாள் மின்னல் வந்து கதவைத் தட்டுவாள், நீங்கள் திறக்க மாட்டீர்கள். இல்லத்தில் மணியை அழுத்தினால் ஆள் வரும்.

ஃபோனில் பேசலாம்தான். பேசினால் நீங்கள் ரிசீவரை வைத்துவிடுவீர்கள், போன தடவை மாதிரி. எனக்கும் முழங்கால் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்தான் ஆகிறது, ஆறு மணி நேரம் பஸ்ஸில் உட்கார முடியாது.

இன்னொன்று. வீட்டில்தான் இருப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறீர்கள். அண்ணனையும் இப்படித்தான் வீட்டிலேயே வைத்துக்கொண்டீர்கள். கம்பு ஊன்றி நடந்துகொண்டிருந்த மனுஷர், பதினோரு மாதத்தில் போய்விட்டார். அதை நான் மறக்கவில்லை.

கையெழுத்துப் போடுவதாகத்தான் இருக்கிறேன்.

நாத்தனார்

பிப்ரவரி 25

மேட்ரன் அம்மா அவர்களுக்கு,

மரியாதையாகவே ஆரம்பிக்கிறேன், பிறகு போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம்.

என் படி எத்தனை, தொட்டி எவ்வளவு உயரம் என்று எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். இந்த வீட்டில் முப்பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். நீ மொத்தமாக இருந்தது ஒன்பது நாள், அதுவும் குறை சொல்லிக்கொண்டே இருந்தாய்.

அந்தக் கண்ணாடிக்காரர் எப்படி மார்க்குப் போட்டார் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். தொட்டுப் பார்க்கவில்லை, எழுந்து காட்டச் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டார். "அம்மா, நீங்களே டிரஸ் பண்ணிக்குவீங்களா?" என்றார். "முடியாது"ன்னேன். ஏன் என்றால், மேல் பொத்தான் இருக்கிறதே, கழுத்துக்குக் கீழே, அதை என்னால் போட முடியவில்லை. மணிக்கட்டு அவ்வளவு தூரம் திரும்புவதில்லை. மற்ற ஆறு பொத்தானையும் போடுவேன், அந்த ஒன்று நிற்காது. "குளிப்பீங்களா?" என்றார். முதுகு எட்டாது, அதனால் முடியாது என்றேன். "நீங்களே எழுந்திருப்பீங்களா?" என்றார். முதல் தடவையிலேயே எழுந்திருக்க மாட்டேன், மூன்று தடவை ஆட்டம் போட்டால்தான் எழுந்திருப்பேன். முடியாது என்றேன். கழிப்பறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போவேன். அதுவும் முடியாது என்றேன்.

ஒன்றைக்கூட மறைக்கவில்லை. பொய் சொல்லித் தப்பிக்கிற பிறவி இல்லை நான். ஆயத்த ஆடைக் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் செக்கிங் மேஜையில் நின்றவள். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை என் கண்ணில் விழும். பொத்தான் நுழைகிற காஜாவில் ஒரு இழை தூக்கியிருந்தால் போதும், சட்டையைத் தூக்கி ரிஜெக்ட் கூடையில் போடுவேன். "ஒரு நூல்தானே அக்கா" என்று தையல்காரர்கள் கெஞ்சுவார்கள். ஒரு நூல்தான், அதற்குத்தான் என்னை நிறுத்தியிருக்கிறார்கள் என்பேன்.

அப்படி உண்மை சொன்னதற்கு ஒரு கைதியைப் போல என்னைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறீர்கள். நன்றாக இருக்கிறது உங்கள் நியாயம்.

உன் அண்ணனைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்கு இப்போது பதில் எழுத மாட்டேன். எழுதினால் தாள் கிழிந்துவிடும்.

அண்ணி

மார்ச் 5

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. பிறகு மறுபடியும் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரி "என்ன மேட்ரன், லாட்டரி விழுந்துச்சா?" என்று கேட்டாள்.

உங்களை ஃபெயிலாக்கியது அந்தக் கண்ணாடிக்காரர் இல்லை, நீங்களேதான். அந்தத் தாள் அழகாகப் பொத்தான் போடுகிறீர்களா என்று கேட்கவில்லை. போடுகிறீர்களா என்று மட்டும்தான் கேட்கிறது. கழுத்துப் பொத்தான் போடாமல் ஊரில் பாதிப் பேர் நடமாடுகிறார்கள். சுவரைப் பிடித்துப் போகலாம், கம்பைப் பிடித்துப் போகலாம். மூன்று தடவை ஆடி எழுந்தாலும் எழுந்ததுதான். ஆளின் கைதான் கூடாது. முதுகு எட்டவில்லை என்று குளிக்க முடியாது என்றீர்களாமே! என் முதுகுக்கும் எட்டாது அண்ணி. யார் முதுகு யாருக்கு எட்டும்? நூல் தூக்கிய சட்டை மாதிரி உங்களைத் தூக்கி நீங்களே கூடையில் போட்டுவிட்டு, கூடைக்குள்ளிருந்து எனக்குத் திட்டிக் கடிதம் எழுதுகிறீர்கள்.

ஆனால் அதோடு முடிந்துபோகிற விஷயம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மற்ற ஆறு பொத்தானைப் போடுவேன் என்கிறீர்களே, கடைசியாக எப்போது போட்டீர்கள்? ஒரு வருஷமாக மின்னல்தானே போடுகிறாள். ஒரு வருஷம் அடுத்தவர் விரல் வேலை செய்தால் நம் விரல் மறந்துவிடும், கால் இன்னும் சீக்கிரம் மறந்துவிடும். நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது போன வருஷத்து உங்களை. சோதித்துப் பாருங்கள்.

உறவினர் கேட்டால் மறுபடியும் ஒருமுறை மார்க்குப் போடுவார்கள். நான் கேட்டு எழுதிவிட்டேன். மே இருபதாம் தேதி வருவார்கள். நாலு எடுங்கள், என்னிடம் இருக்கிற சம்மதத் தாளைக் கிழித்துப் போடுகிறேன். எடுக்காவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன், நீங்கள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பந்தயம்.

நாத்தனார்

மார்ச் 28

நாத்தனாருக்கு,

பந்தயம். ஆனால் நீ பேசக் கூடாது என்றதால் நான் பேசாமல் இருந்துவிடுவேன் என்று கனவு காணாதே.

சோதித்தேன். உன் கடிதம் வந்த மறுநாள் காலை மின்னலைக் கதவருகே ஸ்டூலில் உட்காரவைத்தேன். "கையைக் கட்டிக்கிட்டு உட்காரு. நான் கூப்பிடற வரைக்கும் அசையக் கூடாது" என்றேன். அவள் என்னமோ எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது மாதிரி பார்த்தாள். சட்டையை எடுத்தேன். முதல் பொத்தானுக்கே வேர்த்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு காஜாவின் தையலை எண்ணிச் சொல்லுவேன் நான், அந்த விரல்கள் தடவிக்கொண்டு நின்றன. ஆறு பொத்தானுக்கு முப்பத்தோரு நிமிஷம். நடுவில் மின்னல் இரண்டு தடவை எழுந்தாள், இரண்டு தடவையும் கத்தினேன்.

நீ சொன்னது சரி. அதை எழுதுவதற்கு எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

மின்னலுக்கும் எனக்கும் பெரிய சண்டை. "அம்மா, உங்களுக்கு அரை மணி நேரம் குடுத்தா அடுத்த வீட்டு ஐயா ஈரத்துல கிடப்பாரும்மா. நான் என்ன செய்யட்டும்? எனக்கென்ன நாலு கையா?" என்றாள். அழுதுவிட்டாள். அவள் சொல்வதிலும் தப்பு இல்லை. அவளுக்குக் கொடுத்திருக்கிற நேரத்தில் ஒரு மனுஷியை உடுத்திவிடலாம், உடுத்திக்கொள்ள விடுவதற்கு நேரம் இல்லை. அதனால் இப்போது ஏழு மணிக்கே நான் ஆரம்பித்துவிடுகிறேன். அவள் எட்டு மணிக்கு வந்து கதவுக்கு வெளியே நின்று "எத்தனாவது பொத்தான்?" என்று கத்துவாள். "மூணு!" என்பேன். அவள் போய் அடுப்பைப் பார்ப்பாள், துணியை அலசுவாள். நேற்று இருபத்திரண்டு நிமிஷம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை குளியலறையில் விழுந்தேன். மறைக்கலாம் என்றுதான் நினைத்தேன், மறைத்தால் நான் நானாக இருக்க மாட்டேன். எலும்புக்கு ஒன்றும் இல்லை. முழங்கை நாவல்பழ நிறம். கீழே கிடந்தபடி முதலில் உன்னைத் திட்டினேன். பிறகு உன் அண்ணனை நினைத்தேன்.

போன தடவை நீ எழுதியதற்குப் பதில் இது. ஆமாம், நான்தான். பக்கவாதம் வந்த பிறகும் அவர் கம்பு ஊன்றி நடந்தார். ஒரு கையாலேயே சட்டை போட்டுக்கொள்வார். அரை மணி நேரம் ஆகும். எனக்கு ஏழரைக்குக் கம்பெனி பஸ். "நான் போட்டுக்குறேன் விடு" என்பார். "நேரமாச்சு" என்பேன். இரண்டே நிமிஷத்தில் ஏழு பொத்தானையும் போட்டு, வாயில் ஊட்டி, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ஓடுவேன். எல்லாரும் என்ன மாதிரி பார்த்துக்கொள்கிறாள் என்று சொன்னார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. நாலு மாதத்தில் அவர் "நான் போட்டுக்குறேன்" என்று சொல்வதை நிறுத்திவிட்டார். நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அறுநூறு சட்டையைக் கவனித்தவள், அதைக் கவனிக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், என்னை யாரும் அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணி

ஏப்ரல் 6

அண்ணிக்கு,

போதும். நிறுத்துங்கள்.

விழுந்தேன் என்று என்னமோ கடைக்குப் போய்வந்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வயதில் இடுப்பு உடைந்து என் வார்டில் படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் நன்றாகத்தான் நடக்கும். பிறகு நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், சாப்பாடு இறங்காது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தக் கையெல்லாம் எப்படிச் சில்லென்று ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது.

பந்தயத்தை ரத்து செய்கிறேன். மின்னலையே முன்பு மாதிரி எல்லாவற்றையும் செய்யச் சொல்லுங்கள். நான் இந்த வாரமே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன். வெறுத்தால் வெறுத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்து வெறுங்கள்.

அண்ணன் விஷயத்தில் நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். நல்லது. ஆறு வருஷமாக இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். வந்த பிறகு ஒன்றும் பெரிதாக ஆறுதலாக இல்லை.

நாத்தனார்

ஏப்ரல் 14

நாத்தனாருக்கு,

இத்தோடு ஒரு பழைய கடிதத்தை வைத்திருக்கிறேன். படித்துப் பார். கையெழுத்து யாருடையது என்று தெரிகிறதா? உன்னுடையதுதான். அவருக்குப் பக்கவாதம் வந்து வீட்டுக்கு அழைத்துவந்த வாரம் நீ எனக்கு எழுதியது. அலமாரியில் அவருடைய மருந்துச் சீட்டுகளோடு இருந்தது.

"அண்ணி, அண்ணனை நடக்க விடாதீர்கள். விழுந்தால் அவ்வளவுதான். பாத்ரூம் போவது, குளிப்பது, சட்டை, சாப்பாடு, எதையும் அவராகச் செய்ய விடாதீர்கள். எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடுங்கள். மேட்ரனாகச் சொல்கிறேன்."

நீ மேட்ரன். நான் பத்தாவது ஃபெயில். நீ சொன்னால் செய்யாமல் இருப்பேனா? எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே. உன் பயமும் என் அவசரமும் சேர்ந்து அந்த மனுஷரைப் படுக்கவைத்தன. அவர் ஒருமுறைகூட விழவில்லை. விழாமலேயே போய்விட்டார்.

இதைக் காட்ட வேண்டாம் என்று ஆறு வருஷம் வைத்திருந்தேன். சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் நீ என்னைக் கேட்டாயே, "எங்க அண்ணனை என்ன பண்ணி வச்சீங்க?" என்று, அப்போதுகூட இதை எடுத்து நீட்டவில்லை. இப்போது அதே வேலையை எனக்கும் செய்யப் பார்க்கிறாய், அதனால் நீட்டுகிறேன்.

இனி நீ உன் இஷ்டப்படி செய். நான் ஏழு மணிக்கு எழுந்து என் சட்டையைப் போட்டுக்கொள்வேன். விழுந்தால் விழுவேன். என் தரை, என் இடுப்பு.

அண்ணி

மே 9

அண்ணிக்கு,

மூன்று வாரமாகப் பதில் எழுத வரவில்லை. ஐந்து தடவை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன்.

அந்தக் கடிதத்தை எழுதியது எனக்கு ஞாபகம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். நீங்கள் தொலைத்துவிட்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாவு வீட்டில் அவ்வளவு சத்தமாகக் கத்தியதற்கும் அதுதான் காரணமாக இருக்கும். நீங்கள் முந்திக்கொள்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்று எழுதினால் நீங்கள் கிண்டல் செய்வீர்கள். செய்யுங்கள். மன்னித்துவிடுங்கள்.

என் வார்டில் பதினோரு வருஷம் ஒரு நோயாளிகூட விழவில்லை. அதற்கு ஆஸ்பத்திரியில் எனக்குச் சான்றிதழ் கொடுத்து, சட்டம் போட்டு, மேஜைக்குப் பின்னால் மாட்டினார்கள். எப்படி விழாமல் இருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கட்டிலுக்குத் தடுப்புக் கம்பி போட்டுவைத்தேன். எழுந்தால் அதட்டினேன். நடந்து உள்ளே வந்தவர்கள் சக்கர நாற்காலியில் வெளியே போனார்கள், பிள்ளைகள் எனக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஓய்வு பெற்றபோது அந்தச் சான்றிதழை வீட்டுக்கு எடுத்துவந்தேன். போன வாரம் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

கையெழுத்துப் போடவில்லை. தாள் இங்கேதான் இருக்கிறது.

இப்போது சொல்வதையாவது கேளுங்கள், இதில் எனக்குக் கொஞ்சம் தெரியும். நின்றுகொண்டு சட்டை போடாதீர்கள், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போடுங்கள். வலிக்கிற கையை முதலில் நுழையுங்கள். பொத்தானைக் கீழிருந்து மேலே போடுங்கள், கண்ணுக்குத் தெரியும். எழுந்திருக்கும்போது காலைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு முழங்காலைத் தாண்டுகிற அளவுக்குக் குனிந்துவிட்டு எழுங்கள். தொட்டிக்குள் ஏறாதீர்கள், வெளியே ஸ்டூல் போட்டுக் குவளையில் குளியுங்கள். ஒரு நாளைக்குப் பத்து தடவை எழுந்து உட்காருங்கள். மின்னல் இருக்கும்போது செய்யுங்கள். அவள் கை கட்டிக்கொண்டே இருக்கட்டும், ஆனால் கிட்டத்தில் இருக்கட்டும்.

இருபதாம் தேதி நாலு வாங்குங்கள் அண்ணி.

நாத்தனார்

மே 21

நாத்தனாருக்கு,

கிண்டல் செய்ய மாட்டேன். இந்த ஒரு தடவை மட்டும்.

நேற்று அதே கண்ணாடிக்காரர் வந்தார். இந்த முறை கேள்வி கேட்டால் பதில் கிடையாது, செய்து காட்டுவேன், பார்த்து எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். மின்னல் லீவு போட்டுவிட்டு வந்து வாசலில் நின்றாள், என்னமோ அவளுக்குப் பரீட்சை மாதிரி.

சட்டை பதினாறு நிமிஷம். அவர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். "அவசரம்னா அடுத்த வீட்டுக்குப் போயிட்டு வாங்க"ன்னேன். கழுத்துப் பொத்தானைத் திறந்தே விட்டேன், நீ சொன்ன மாதிரி ஊரில் பாதிப் பேர் கணக்கில். உடுத்துவது பாஸ். கழிப்பறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன், வந்தேன். வருகிற வழியில் கால் மடங்கியது, மின்னல் ஓடிவந்து இடுப்பைப் பிடித்துவிட்டாள். அவளால் சும்மா நிற்க முடியவில்லை பாவம், பழகிய கை. அது போச்சு. குளியலுக்கு ஸ்டூல், குவளை எல்லாம் சரி, ஆனால் ஈரத் தரையில் ஸ்டூலிலிருந்து எழ ஆள் வேண்டியிருந்தது. அதுவும் போச்சு.

கடைசியாகப் படுக்கையிலிருந்து நாற்காலி. இது கிடைத்தால் நாலு. நீ சொன்ன மாதிரி காலை இழுத்து, மூக்கை முன்னால் கொண்டுபோய், எழுந்தேன். முதல் தடவையிலேயே! முக்கால்வாசி எழுந்துவிட்டேன். அப்போது அந்தக் கண்ணாடிக்காரர் சட்டென்று கையை நீட்டினார். மரியாதைக்குத்தான், யார் தடுமாறினாலும் கை தானாக நீளும் இல்லையா. நீண்ட கையை நான் பிடித்துவிட்டேன். பிடித்துத்தான் நின்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, அது என் தப்பு. நீங்க எழுந்துட்டீங்க. நான் பாஸ்னே போட்டுடறேன்" என்றார். பேனாவை வைத்துவிட்டார் தாளில்.

"கை பிடிச்சுத்தான் எழுந்தேன். ஃபெயில்னு எழுதுங்க" என்றேன்.

மின்னல் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமேம்மா!" என்று கத்தினாள். அவளுக்குப் புரியாது. நீயும் திட்டுவாய். மறுபடியும் செய்து காட்டுகிறேன் என்று மூன்று தடவை முயன்றேன். களைத்துவிட்டேன், வரவில்லை. வராததை வந்தது என்று எழுதவிட்டு அதன் மேல் இந்த வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. நான் பொய் மார்க்கில் வாழ மாட்டேன். உண்மை மார்க்கில்தான் வாழ்வேன், அது மூன்றாக இருந்தாலும்.

ஆறுக்கு மூன்று. ஆபத்து: அதிகம். அந்தக் கட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

போகும்போது அவர் ஒன்று சொன்னார். சம்மதத் தாளில் கையெழுத்துப் போடாமல் இருந்தால் மட்டும் போதாதாம், இல்லத்துக்கு அனுப்ப மறுக்கிற தாளும் ஒன்று இருக்கிறதாம். உறவினர் நேரில் அலுவலகத்துக்கு வந்து, இவர் வீட்டில் இருந்து இறந்துபோனால் அந்தப் பொறுப்பு எனக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். "யாரும் போடறதில்லைம்மா" என்றார். உங்கள் ஊரிலும் அலுவலகக் கிளை இருக்கிறதாம்.

நான் தோற்றுவிட்டேன். பந்தயப்படி நீ சம்மதத் தாளில் கையெழுத்துப் போடலாம், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். கெஞ்சவும் மாட்டேன். நான் இங்கேயே இருக்க ஆசைப்படுகிறேன், அது மட்டும் உனக்குத் தெரியட்டும். என் சட்டையை நான் போட்டுக்கொண்டு, எவ்வளவு நாளோ அவ்வளவு நாள்.

அண்ணி

மே 30

அண்ணிக்கு,

பாஸ் என்று எழுதவந்தவரின் பேனாவைப் பிடித்து ஃபெயில் எழுதவைத்த ஒரே ஆள் உலகத்தில் நீங்களாகத்தான் இருப்பீர்கள். படித்ததும் கடிதத்தைத் தூக்கி எறிந்தேன். பிறகு குனிந்து எடுக்க வேண்டியிருந்தது, முழங்கால் போன பாடு எனக்குத்தான் தெரியும்.

நேற்று அலுவலகத்துக்குப் போனேன். முப்பத்தைந்து வருஷ வேலையில், டாக்டர் வேண்டாம் என்று சொன்ன பிறகு நோயாளியை வீட்டுக்கு அழைத்துப்போகிறேன் என்று எத்தனையோ பேர் என் மேஜை முன்னால் நின்று தாள் கேட்டிருக்கிறார்கள். நான் ஒவ்வொருவரையும் பயமுறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று நேற்றுதான் தெரிந்தது. நாற்காலிகூடக் கொடுக்கவில்லை.

இளைஞர்தான், பணிவாகத்தான் பேசினார். உங்கள் மார்க்குத் தாளை என் பக்கம் திருப்பிவைத்து, அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். "பாருங்கம்மா, ரிஸ்க் அதிகம்னு தெளிவா இருக்கு. நீங்களே மேட்ரன், உங்களுக்கு நான் சொல்லணுமா? ஒரு வருஷத்துக்குள்ள அவங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஆகும்"ன்னேன். "அவங்களுக்கும் ஆகும், எனக்கும் ஆகும், உங்களுக்கும் ஒருநாள் ஆகும். பேனா குடுங்க."

"விழுந்து கிடந்தா யாரும்மா பொறுப்பு?"

"அதுக்குத்தானே வந்திருக்கேன். எங்க போடணும், காட்டுங்க."

இரண்டு இடத்தில் போடச் சொன்னார். முதல் கையெழுத்து என் கையெழுத்து மாதிரியே இல்லை, வேறு தாள் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அதுவும் என்னுடையதுதான் என்றேன்.

உங்களை இனி யாரும் எங்கேயும் கொண்டுபோக முடியாது. நகல் இத்துடன் இருக்கிறது, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சீக்கிரம் செத்துப்போகலாம் அண்ணி. எனக்குத் தெரியும், தெரிந்துதான் போட்டேன். போய்விட்டால் நான் அழுவேன், அதை நீங்கள் தடுக்க முடியாது.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அண்ணனுக்காக யாராவது ஒருத்தர் இப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கலாம். போடுகிற இடத்தில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம்.

நாத்தனார்